ஒரே படம், நான்கு நீளங்கள்

என் அலுமாரியின் நடுத்தட்டில் ஒரே திரைப்படத்தின் நான்கு பிரதிகள் அருகருகே நிற்கின்றன. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைச் சமூகப் படம் அது. பெயரைச் சொன்னால் இறுவட்டை வெளியிட்டவர்களின் பெயர்களும் கூடவே வந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். முதலாவது பிரதி இரண்டு தட்டுகளைக் கொண்ட விசிடி. 148 நிமிடம் ஓடுகிறது. இரண்டாவது, மூன்று படங்களை ஒரே தட்டில் அடக்கிய டிவிடி. அதில் இந்தப் படத்துக்குக் கிடைத்த பங்கு 131 நிமிடம். மூன்றாவது, லண்டனிலிருக்கும் மைத்துனர் அனுப்பிய தனி டிவிடி, 161 நிமிடம். நான்காவது, தொலைக்காட்சியில் போனதை யாரோ பதிந்து எழுதிய தட்டு, 139 நிமிடம். நான்கின் உறையிலும் நாயகியின் அதே புகைப்படம்தான் இருக்கிறது. நான்கையும் விற்றவர்களும் தந்தவர்களும் படம் முழுமையானது என்றே சொன்னார்கள். இவை ஒரே பொருளின் நான்கு பிரதிகள் அல்ல, நான்கு வெவ்வேறு பொருள்கள் என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அந்தப் பத்து வருடத்தில் வீணாகிய பணத்தையும், பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவற்றையும் எழுதி வைத்தால் இந்த வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நான் திருக்கோணமலைக் கச்சேரியின், அதாவது மாவட்ட அரச செயலகத்தின், கணக்குக் கிளையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் இரவில் தூக்கம் வராத பழக்கம் அங்கே பிடித்தது. அதுவே பின்னாளில் இந்தச் சேகரிப்புக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் தலைமுறைக்கு வீட்டில் படம் பார்ப்பது என்றால் டெக் என்ற ஒளிநாடா ஓட்டும் கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாத நாட்களில் மின்பிறப்பாக்கிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, அயலவர் எல்லாரும் முற்றத்தில் பாய் விரித்து ஓர் இரவில் மூன்று படங்களைப் பார்த்து முடிப்பதுதான். படத்தைச் சொந்தமாக வைத்திருப்பது என்ற எண்ணம் 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்த பிறகுதான் எனக்கு வந்தது. கொழும்பில் வெள்ளவத்தைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பயணப் பையில் விசிடிகள் கொண்டுவந்தார்கள். உப்புவெளியில் கடலிலிருந்து அரை மைல் தூரம்கூட இல்லாத எங்கள் வீட்டில், 2004 டிசம்பரில் ஏறத்தாழ இருநூறு தட்டுகள் சேர்ந்திருந்தன.

அந்த மாதம் 26ஆந் திகதி கடல் வந்தது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே தட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். அயலில் பலருக்கு அந்த உரிமை இல்லாமற் போனது. அலுமாரியின் கீழ் இரண்டு அடுக்குகளில் இருந்த தட்டுகள் உப்பு நீரிலும் சேற்றிலும் கிடந்தன. அவற்றை நான் இரண்டு வாரம் கழித்தே எடுத்தேன். உப்புக் காய்ந்து பளிங்குத் துகளாகப் படிந்திருந்ததைத் துணியால் துடைத்ததே நான் செய்த முதற் பிழை. மணலும் உப்பும் சேர்ந்து அரத்தைப் போல் அராவின. அவற்றை முதலில் நல்ல தண்ணீரில் பல மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, துணி படாமல் நிழலில் நிறுத்திக் காயவிட்டிருக்க வேண்டும். உறைக்குள்ளிருந்த அச்சுத்தாள்கள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தாளைப் பிய்த்தபோது பல விசிடிகளில் வெள்ளிப் படலமும் தாளோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஏன் அப்படி வந்தது என்று தேடியபோதுதான் தட்டின் உடலமைப்பை அறிந்தேன். விசிடி என்பது 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே பிளாஸ்டிக் வட்டம். தரவைத் தாங்கும் அலுமினியப் படலம் அதன் மேற்பக்கத்தில், அதாவது நாயகனின் படம் அச்சிட்டிருக்கும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றை மாத்திரம் காவலாகக் கொண்டு இருக்கிறது. நாம் எல்லாரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொன்போல் காத்து, மேற்பக்கத்தைக் கவிழ்த்து மேசையில் வைக்கிறோம். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து மெருகேற்றி ஓரளவு சரிசெய்யலாம். மேற்பக்கக் கீறல் படலத்தைக் கிழித்துவிட்டால் எந்த வைத்தியமும் இல்லை. டிவிடி வேறு விதம். அது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு வட்டங்களை ஒட்டி, படலத்தை நடுவில் வைத்துச் செய்யப்படுவது. அதனால் மேற்பக்கக் கீறலைத் தாங்கும். ஆனால் விளிம்பில் பசை விட்டால் அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். டிவிடியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் குமிழை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்து இழுப்பவர்கள் அந்தப் பசையைத்தான் சோதிக்கிறார்கள்.

அன்று தொடக்கம் பழைய தட்டு எதை வாங்கினாலும் அதை மின்குமிழுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். அலுமினியம் அரித்திருந்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரியும். அடிப்பக்கத்தின் நிறத்தையும் பார்ப்பேன். ஊதா அல்லது நீலச் சாயல் இருந்தால் அது வீட்டுக் கணினியிலோ கடையிலோ எழுதப்பட்ட தட்டு. அதில் தரவைத் தாங்குவது சாயம். வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் வெளிறும். தொழிற்சாலையில் அச்சிட்டது வெள்ளியாக இருக்கும். இரட்டை அடுக்கு டிவிடியென்றால் சற்றுப் பொன் சாயல் தெரியும். எழுதிய தட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சில படங்கள் வேறு எந்த வடிவிலும் கிடைப்பதில்லை. ஆனால் அதை வாங்கிய அன்றே வேறோரிடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

எங்கள் ஊரின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடை தொடங்கி மழை நின்று பெய்யும் கார்த்திகை, மார்கழியில் சுவரே வியர்க்கும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் தகரக் கூரையின் கீழிருக்கும் அறை அடுப்பாகிவிடும். ஈரமும் வெப்பமும் மாறி மாறி வருவது தட்டுக்கு இரண்டில் ஒன்று தொடர்ந்து இருப்பதைவிடக் கேடானது. 2001ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு குறுவட்டில் பூஞ்சணம் படலத்தையே தின்றிருந்ததை ஸ்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள் என்று வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை, அதுவும் ஈரக் கரைதானே. நான் அலுமாரியை வெளிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வைத்திருக்கிறேன். தட்டுகளைப் படுக்கப் போடாமல் புத்தகம் போல் நிறுத்தி வைக்கிறேன். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வெக்கையில் தட்டோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றை எறிந்துவிட்டுக் கெட்டிப் பெட்டிகளுக்கு மாற்றினேன். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை உறவினர் எல்லாரும் எனக்கென்று சேர்த்துத் தருகிறார்கள். அவை போதாத மாதங்களில் உப்புப் போத்தலுக்குள் அம்மா போடுகிறதைப் போல் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைக்கிறேன். ஒரு முறை எலி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், இசைத்தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாக அல்ல. தரவு சுருளாக ஓடுவதால் குறுக்கே விழும் கீறலை இயந்திரம் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். தடத்தோடு நீளமாக விழும் கீறலை நிரப்ப அதனால் முடியாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, தண்ணீர், மென்மையான பருத்தித் துணி ஆகியவை போதும். தின்னரும் பெற்றோலும் பிளாஸ்டிக்கைப் பனி படர்ந்ததுபோல் ஆக்கிவிடும்.

இனி நீளத்தின் கதைக்கு வருகிறேன். விசிடி 1993இல் வந்த வடிவம். ஒரு தட்டில் 74 நிமிடம், பின்னர் வந்த தட்டுகளில் 80 நிமிடம் கொள்ளும். நான் என் முதற் பிரதியின் 148 நிமிடத்தைக் கையேட்டில் எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. 74ஐ இரண்டால் பெருக்கினால் 148. படம் இயல்பாகவே 148 நிமிடமாக இருந்து இரண்டு தட்டில் அடங்கியது என்பதல்ல. இரண்டு தட்டில் அடக்க வேண்டும் என்பதற்காகவே அது 148 நிமிடமாக்கப்பட்டிருந்தது. மூன்றாவது தட்டின் செலவை மிச்சம் பிடிக்க ஒரு பாட்டையும் ஒரு நகைச்சுவைக் காட்சியையும் யாரோ கத்தரித்திருக்கிறார். கச்சேரியில் இப்படிக் கச்சிதமாக வந்து நிற்கும் எண்ணைக் கண்டால் பற்றுச்சீட்டுகளைத் திரும்பக் கேட்போம்.

அப்படியானால் உண்மையான நீளம் என்ன? இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் சில நொடிகள் திரையில் நிற்கும். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்தச் சான்றிதழில் படச்சுருளின் நீளம், பழைய படங்களில் அடியிலும் பிந்தியவற்றில் மீற்றரிலும், எழுதப்பட்டிருக்கும். பல வெளியீட்டாளர்கள் அதைத் தேவையற்றதாகக் கருதி வெட்டிவிடுகிறார்கள். லண்டன் பிரதியில் மட்டும் அது தப்பியிருந்தது. படத்தை நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்: 15,210 அடி, 17 சுருள்கள். 35 மில்லிமீற்றர் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 தனிப் படங்கள், வீதம் ஓடும்போது ஒரு நிமிடத்துக்கு 90 அடி செல்லும், மீற்றரானால் 27.4 என்று கொள்ளலாம். 15,210ஐ 90ஆல் வகுத்தால் 169 நிமிடம். என்னிடமிருந்தவற்றில் மிக நீளமான பிரதியிலும் எட்டு நிமிடத்தைக் காணவில்லை.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பதை நான் இரண்டு முறை தவறிய பின்பே அறிந்தேன். இலங்கையிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 சட்டங்களைக் காட்டுவது. நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை அதற்கு மாற்றும்போது பெரும்பாலும் ஒரு சட்டத்தைக் கூட்டாமல் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். அதனால் எதையும் வெட்டாமலே 169 நிமிடப் படம் 162 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே பால் முறைத் தட்டில் 148 நிமிடம் என்றால் அதை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்து, 154 நிமிடப் படம் என்று கொள்ள வேண்டும். லண்டன் பிரதி அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் அமைந்திருந்தது. அதில் இந்த வேகமூட்டல் தேவையில்லை. ஆனால் பால் நாடாவிலிருந்து எடுத்து என்டிஎஸ்சியாக மாற்றிய தட்டுகளும் சந்தையில் உண்டு. அவற்றில் வேகமும் இருக்கும், அசைவுகளில் நிழல் போன்ற மங்கலும் இருக்கும்.

வேகத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கைவிட நல்ல கருவி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அக்கா முறையாக வாய்ப்பாட்டுப் படித்தவர். இலங்கை வானொலியில் அந்தப் படத்தின் பாடல்களைச் சிறுவயதிலிருந்தே கேட்டவர். விசிடியில் முதற் பாட்டுத் தொடங்கி இரண்டாவது வரி வருவதற்குள், "தம்பி, சுருதி ஏறிக் கிடக்குது. ஆரோ ஓட்டி விட்டிருக்கிறாங்கள்" என்றார். 24க்கும் 25க்கும் இடையிலான நான்கு சதவீத வித்தியாசம் சுருதியில் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவான ஏற்றமாக வரும். நான் மூன்று நாள் கணக்குப் பார்த்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். பாடலின் இசைத்தட்டுப் பதிவு ஒன்று கைவசமிருந்தால் இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தாலே இசையறிவு இல்லாதவருக்கும் வித்தியாசம் பிடிபடும்.

எவ்வளவு போயிற்று என்பதைச் சான்றிதழ் சொல்லும். எது போயிற்று என்பதைப் பாட்டுப் புத்தகம் சொல்லும். அந்நாளில் திரையரங்கு வாசலில் சில சதத்துக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அதன் பிறகு பாடல்கள் முழுமையாக இருக்கும். காலஞ்சென்ற பெரியம்மாவின் தகரப் பெட்டியில் இப்படி எண்பது புத்தகங்கள் கிடைத்தன. என் சேகரிப்பில் காசு கொடுத்து வாங்காத பகுதி இதுதான், அதிகம் பயன்பட்டதும் இதுதான். நான் சொல்லும் படத்தின் புத்தகத்தில் ஒன்பது பாடல்கள் இருந்தன. லண்டன் பிரதியில் எட்டு. விசிடியில் ஏழு. மூன்று படத் தட்டில் ஐந்து. புத்தகத்தில் அச்சான பாட்டு படத்தில் இடம்பெறாமலே போவதும் உண்டு என்பதால் இதையும் தனிச் சாட்சியாகக் கொள்ள முடியாது. சான்றிதழும் புத்தகமும் ஒத்துப்போகும்போதே நம்பலாம்.

மூன்றாவது சாட்சியை எனக்குக் காட்டியவர் முன்பு நகரத்தில் ஒரு திரையரங்கில் படம் ஓட்டிய முதியவர். லண்டன் பிரதியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கதையைப் பார்க்காமல் திரையின் மேல் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டைப் பாருங்கோ தம்பி. முதல் பொட்டுக்கு மற்ற இயந்திரத்தை ஓடவிடுவம். ரெண்டாம் பொட்டுக்கு மாத்துவம். இதில ரெண்டாவது வரேல்லை." ஒவ்வொரு சுருளின் முடிவிலும் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும், ஏறத்தாழ ஏழு நொடி கழித்து இன்னொரு வட்டம் வரும். முதலாவது வந்து இரண்டாவது வராமல் காட்சி தாவினால், அந்தச் சுருளின் வால் தேய்ந்தோ அறுந்தோ போயிருக்கிறது என்று பொருள். ஊர் ஊராக ஓடிய பிரதிகளில் சுருளின் தலையும் வாலுமே முதலில் சிதைபவை. அன்றிரவு முழுப் படத்தையும் பொட்டுகளுக்காகவே பார்த்தோம். எட்டு நிமிடத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் இப்படிச் சிதறலாகப் போயிருந்தது. அதை யாரும் கத்தரிக்கவில்லை, அது காலத்தின் தேய்மானம். மீதி ஐந்து நிமிடம் அந்த ஒன்பதாவது பாட்டும் அதை ஒட்டிய காட்சியும்.

படத்தின் நீளத்தைப் போலவே அகலத்தையும் பார்க்க வேண்டும். தமிழில் சினிமாஸ்கோப் 1973இல் வெளியான 'ராஜ ராஜ சோழன்' படத்தோடு வந்தது. அதற்கு முந்திய தமிழ்ப் படங்கள் ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்ற சதுரப் பாங்கான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் சினிமாஸ்கோப் படத்தின் இரு பக்கத்தையும் வெட்டினார்கள். இருவர் நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகளும் நடுவில் ஒரு தூணும் மிஞ்சும். இப்போது அகலத் தொலைக்காட்சிக்காகச் சதுரப் படத்தின் மேலையும் கீழையும் வெட்டுகிறார்கள். பரதநாட்டியக் காட்சியில் ஆடுபவரின் பாதம் தெரியாவிட்டால் அந்தத் தட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாதமில்லாமல் அடவு எங்கே இருக்கிறது? எழுத்தோட்டத்தின் போது பெயர்களின் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது கடையில் நின்றபடியே செய்யக்கூடிய எளிய சோதனை.

2007இல் மோசர் பேயர் நிறுவனம் இந்தியாவில் விசிடியை 28 ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் விற்கத் தொடங்கியபோது அச்சிட்ட தட்டின் விலை கள்ளத் தட்டின் விலைக்கே இறங்கிவிட்டது. என் அலுமாரியின் பெரும் பகுதி அந்த ஆண்டுகளில் நிறைந்தது. அதே காலத்தில்தான் மூன்று படங்களை ஒரே தட்டில் தரும் மோகமும் எனக்குப் பிடித்தது. கணக்குப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று. அதில் ஏழு மணி நேரப் படத்தை அடைத்தால் ஒரு நொடிக்கு ஒன்றரை மெகாபிற்றுக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். விசிடி ஒலியும் ஒளியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிற்றுக் கொடுக்கிறது. ஆக நான் டிவிடி என்ற பெயரில் விசிடித் தரத்தையே, அதுவும் வெட்டப்பட்ட வடிவில், வாங்கிக்கொண்டிருந்தேன். இருளான காட்சிகளில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

வெளிநாட்டு உறவினர்களிடம் கேட்பவர்களுக்கு ஒரு சொல். டிவிடிகளுக்கு வலய எண்கள் உண்டு. இலங்கையும் இந்தியாவும் 5ஆவது வலயம், கனடாவும் அமெரிக்காவும் 1, பிரித்தானியா 2. தமிழ்ப் படத் தட்டுகளில் பெரும்பாலானவை எல்லா வலயத்திலும் ஓடும்படி வருபவை என்பதால் அவற்றில் சிக்கல் குறைவு. கணினியின் தட்டு வாசிப்பான் தன் வலயத்தை ஐந்து முறைக்கு மேல் மாற்ற விடாது. மகன் விளையாட்டாக நான்கு முறை மாற்றிய பிறகே எனக்கு அது தெரியவந்தது.

தொலைக்காட்சித் தொடர்களில் எண்ணிக்கைதான் முதற் சோதனை. ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' 1987 ஜனவரி தொடங்கி 1988 ஜூலை வரை தூரதர்ஷனில் 78 பகுதிகளாக வந்தது, பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' 94 பகுதிகள். அயலில் ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நாடாக்களில் இந்தியைப் புரியாமலே கைகூப்பிக்கொண்டு அவற்றைப் பார்த்தவர்கள் நாங்கள். பின்னர் தட்டுகளாக வாங்கியபோது ஒரு தொகுதியில் பகுதிகளை ஒட்டித் தைத்து, நடுவே வரும் எழுத்தோட்டங்களை நீக்கியிருந்தார்கள். எத்தனை பகுதி இருக்கிறது என்று எண்ணவே வழியில்லை. தனித்தனிப் பகுதியாகத் தொடக்கமும் முடிவும் கொண்ட தொகுதியையே தேட வேண்டும். 'மர்மதேசம்' போன்றவற்றில் வேறு குழப்பம். ஒரே பொதுப் பெயரின் கீழ் 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை' என்று தனித்தனிக் கதைகள் வந்தன. உறையில் பொதுப் பெயர் மட்டும் இருந்தால் உள்ளே எது என்று போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ஒளிநாடாவில் எடுத்த தொடர் நொடிக்கு 50 அரைச் சட்டங்களாகப் பதிவானது என்பதால், கணினியில் கவனமின்றி மாற்றினால் அசையும் கைகளின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் விழும். ஆகவே மாற்றிய கோப்பு எவ்வளவு வசதியாக இருந்தாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்களைத் தேடுவது தனி வேதனை. 'குத்துவிளக்கு' 1972இலும், தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இலும், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' 1978இலும் வந்தவை. 1983 ஜூலையில் ஹெந்தளையின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது எரிந்த சுருள்களையும் நினைத்தால், இன்று இவற்றில் எதன் மங்கலான பிரதி கிடைத்தாலும் தரம் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தியப் படத்தின் எட்டு நிமிடத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் நான், இலங்கைப் படமொன்று தொலைக்காட்சி நிலைய இலச்சினையோடும் நடுவே ஓடும் செய்தி வரியோடும் எழுதிய தட்டில் கிடைத்தபோது அன்றே மூன்று பிரதி எடுத்தேன்.

பிரதி எடுப்பதில் ஒழுங்குமுறை ஒன்று உண்டு. சாயத் தட்டுகள் முதலில், அடுத்து விசிடிகள், கடைசியில் அச்சிட்ட டிவிடிகள். விசிடியில் படம் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறைக்குள் ‘டாட்’ என்ற பின்னொட்டுடன் இருக்கும். அதைச் சாதாரணமாக இழுத்துப் போட்டால் கீறல் உள்ள இடத்தில் கணினி முழு வேலையையும் கைவிட்டுவிடும். பழுதைக் கடந்து வாசிக்கும் மென்பொருளால் மெதுவான வேகத்தில் எடுக்க வேண்டும். ஒரு வாசிப்பான் மறுத்த தட்டை இன்னொன்று வாசிப்பதுண்டு. என்னிடம் இரண்டு இருக்கின்றன, கடைகளில் அவை அருகி வருவதால் மூன்றாவதையும் வாங்கிப் பெட்டியோடு வைத்திருக்கிறேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், எழுதிக்கொண்டிருந்த வன்தட்டு ஒன்று நடுவில் அணைந்து கெட்டது. அதில் இருந்தவற்றின் இரண்டாவது பிரதி வவுனியாவில் தம்பி வீட்டில் இருந்ததால் தப்பினேன். இரண்டு பிரதியையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்பதைக் கடல் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. இவையெல்லாம் என் வீட்டுப் பாவனைக்கானவை. யார் வந்து கேட்டாலும் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுப்பேன், விற்பனைக்குக் கொடுப்பதில்லை.

கையேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்: சான்றிதழின் நீளம், கணக்கிட்ட நிமிடம், தட்டின் நிமிடம், பாலா என்டிஎஸ்சியா, புத்தகத்தின்படி பாடல்கள், தட்டில் உள்ளவை, வாங்கிய நாள், கடைசியாக முழுதும் ஓட்டிப் பார்த்த நாள். இதில் கடைசி வரியே முக்கியமானது. மூன்று வருடமாகத் தொடாத தட்டு நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே தவிர அறிந்திருக்கவில்லை.

நான் தேடும் படத்தின் பக்கத்தில் ஒன்பதாவது பாட்டுக்கு நேரே இன்னமும் வெறுமையாகவே இருக்கிறது. சென்ற மாதம் மூதூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தகப்பனார் 1980களில் சவூதியிலிருந்து கொண்டுவந்த வீஎச்எஸ் நாடாக்களில் அந்தப் படத்தின் பெயரும் இருக்கிறதாம். மேலே 'பாகம் 1, பாகம் 2' என்று எழுதியிருக்கிறதாம். இரண்டு நாடா என்றால் வெட்டாமல் பதிந்திருக்க இடமுண்டு. நாடாப் பெட்டியின் சிறு சாளரத்துக்குள் வெள்ளையாகத் தூள் போல் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் தெரிகிறது என்றார். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் டெக்கின் வாசிப்புத் தலையும் அழுக்காகும், நாடாவும் அறும். முதலில் பிரித்துத் துடைக்க வேண்டும். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கிண்ணியா வழியாகப் பேருந்தில் போகிறேன். அதுவரை யார் கேட்டாலும் அதை டெக்கில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.